சோடாபுட்டிக்கு டாட்டா!

கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களைக் கேட்டால், மேஜையில் படுத்திருந்த அந்தச் சில நிமிடங்களைத்தான் சிலாகிப்பார்கள். எனக்கோ அதற்கு முந்தைய மாதங்கள்தான் கொண்டாட்டம்! பள்ளிக்கூட வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை, தினமும் இன்சுலின், போதாததற்கு மைனஸ் ஆறில் சோடாபுட்டிக் கண்ணாடி. சர்க்கரைக்காரிக்கு லேசரா என்று வீட்டில் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். கண் டாக்டர் விரிக்கவில்லை.

“முடியாதுன்னு இல்லம்மா. மூணு மாச சராசரி நல்லா இருக்கணும். சுகர் ஏறி ஏறி இறங்கக் கூடாது. விழித்திரையில பாதிப்பு இருக்கக் கூடாது. அதெல்லாம் சரியா இருந்தா பண்ணிடலாம்” என்றார்.

அடடா, என்ன பேச்சு! சுகரைக் கட்டுப்படுத்தாவிட்டால் கிட்னி போகும், கால் போகும், கண் போகும் என்ற மிரட்டலைக் கேட்டே வளர்ந்தவள் நான். கட்டுப்படுத்தினால் ஒன்று கிடைக்கும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

சுகர் ஏன் நிலையாக இருக்க வேண்டும் என்று அவர் விளக்கியது அதைவிட அருமை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் சார்பிட்டால் என்ற பொருள் சேர்கிறது. அது நீரை இழுக்க, லென்ஸ் உப்பி, பவரே மாறிவிடுகிறது. அன்றைக்கு அளந்தால் கிடைப்பது பொய் அளவு. அதை லேசர் கருவிழியில் நிரந்தரமாகச் செதுக்கிவிடும்! சில நாட்கள் கண்ணாடி போட்டும் பஸ் போர்டு மங்கலாகத் தெரிந்ததே, அந்த மர்மம் எனக்கு அப்போதுதான் உடைந்தது. அதன்பிறகு, கையில் ஒட்டிய சுகர் சென்சாரின் கோடு மேடு பள்ளமில்லாமல் ஓடிய நாளெல்லாம் எனக்குத் தீபாவளிதான்.

பரிசோதனைகளும் ஒன்றையொன்று மிஞ்சின. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றும் என்பதால் முன்கூட்டியே கழற்றி வைக்கச் சொன்னார்கள். கருவிழியின் வளைவுகளை வண்ண வரைபடமாகக் காட்டியது ஒரு கருவி. அதன் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனை மைக்ரான் கணக்கில் அளந்தது இன்னொன்று. கீழிமையில் காகிதத் துண்டைச் செருகி, 5 நிமிடத்தில் கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்றும் பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண் வறட்சி வரலாம், புண் ஆறவும் தாமதமாகலாம். அதனால் சொட்டு மருந்தில் என் வறட்சியைச் சரிசெய்த பிறகே தேதி குறித்தார்கள். அந்த நிதானத்துக்கே ஒரு கும்பிடு!

இந்த லேசருக்குப் பின்னால் நம் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் இருக்கிறார், தெரியுமா? ரங்கசாமி சீனிவாசன். எக்சைமர் லேசர் சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் துல்லியமாகச் செதுக்கும் என்பதை 1981-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சகாக்களோடு காட்டியவர். எதில் சோதித்தார்? விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்!

சிகிச்சை நாளன்று பட்டினி உண்டோ, லோ சுகர் ஆகிவிடுமோ என்று பயந்திருந்தேன். கண்ணை மரக்கவைக்கும் சொட்டு மருந்து மட்டும்தான், மயக்க மருந்தே கிடையாது என்றார்கள். சுகர் டாக்டரும் சரி சொல்ல, வழக்கம்போல இட்லி, வழக்கம்போல இன்சுலின். கண் மை, சென்ட் கூடாது. பையில் குளுக்கோஸ், துணைக்கு அண்ணன். இவ்வளவுதான் ஏற்பாடு!

மறுநாள் எழுத்து அட்டையைக் கடகடவென்று வாசித்தேன். அதைவிடப் பெரிய சுகம், நடுராத்திரி சென்சார் அலறினால் கண்ணாடியைத் துழாவாமல் போனில் அளவைப் பார்த்துவிட்டு குளுக்கோஸை எடுத்துப் போட்டுக்கொள்வது. சர்க்கரைக்காரர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்!

எல்லோருக்கும் இது ஒத்துவராது. முடக்குவாதம் போன்ற நோய் உள்ள சிலருக்கு வேண்டாம் என்றே சொல்வார்கள். அதை டாக்டர் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம். மூன்று மாத சராசரி ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய்க் கேளுங்கள்!