அப்பா பெயரில் ஒரு ஆல்பம்: எம்.ஐ.ஏ.வின் 'அருளர்'

கடையத்தில் ஒரு பெண் பிள்ளை கடைக்குப் போனாலே ஒரு கேள்வி வரும்: "ஏட்டி, நீ யாரு மவ?" அப்பா பெயரைச் சொன்னால்தான் கேட்டவருக்கு நிம்மதி. எங்க அப்பா கேரளாவில் வேலை பார்த்தவர், வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவார். எங்களை வளர்த்தது மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிய அம்மா. ஆனாலும் நான் சொன்னது எப்பவும் அப்பா பெயரைத்தான். அம்மா பெயரைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

2005இல் வெளிவந்த எம்.ஐ.ஏ.வின் முதல் ஆல்பத்தை இந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் நான் கேட்கிறேன். அதன் தலைப்பு 'அருளர்'. மாதங்கி 'மாயா' அருட்பிரகாசத்தின் அப்பாவுக்கு இயக்கத்தில் இருந்த பெயர் அது.

அவரைப் பற்றி ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். மேற்கத்தியப் பத்திரிகைகள் பலமுறை அவரை விடுதலைப் புலி என்றே எழுதின. அவர் புலி இல்லை, 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். 1977 கலவரத்தில் அகதியாகிக் கப்பலேறிய தமிழர்களைப் பற்றி 'லங்கா ராணி' என்ற நாவலையும் எழுதியவர். அதே 1975இல்தான் மாயா லண்டனில் பிறந்தார். ஆறு மாதத்தில் குடும்பம் யாழ்ப்பாணம் போனது. அப்பா தலைமறைவு. எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பாதுகாப்புக்காகப் பிள்ளைகளிடம் அவரை மாமா என்றே அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். 1986இல் அம்மா கலா பிள்ளைகளோடு அகதியாக லண்டன் திரும்பினார். தையல் வேலை செய்து அவர்களை வளர்த்தார்.

தூக்கிச் சுமந்தது அம்மா, தலைப்பில் இருப்பது அப்பா. இந்த ஆல்பத்தின் கோபம், விளையாட்டு, குழப்பம் எல்லாமே இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது என்பது என் வாசிப்பு.

முதலில் சத்தம். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரு சின்ன தாளப் பெட்டி. படித்தது ஓவியமும் சினிமாவும் என்பதால், அந்தப் பெட்டியை நோண்டித்தான் மாயா பாட்டு கட்டக் கற்றுக்கொண்டார். அதனால் பீட் எல்லாம் மொட்டையாக, எலும்பு தெரிகிற மாதிரி இருக்கிறது. முதல் சிங்கிள் 'கலாங்' 2003இல் வெறும் 500 ரெக்கார்டுகளாக வந்தது. அதன் கடைசிப் பகுதியில் சொற்களே இல்லாமல் குரல்கள் கூட்டமாக எழும்பும். அந்த இடத்தில் அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "இது என்னட்டி, கொட்டுச் சத்தம் மாதிரி கேக்கு" என்றாள். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை. லண்டன் கிரைம், ஜமைக்கா டான்ஸ்ஹால், பிரேசில் ஃபங்க் என்று இசை விமர்சகர்கள் வேர்களைப் பட்டியலிடுவார்கள், அதெல்லாம் சரிதான். ஆனால் மாயாவின் ராப் அமெரிக்க ராப்பர்கள் மாதிரி சொல்லடுக்கு வித்தை காட்டுவதில்லை. தெருவில் கயிறு தாண்டும் பிள்ளைகள் கத்துகிற கட்டளை மாதிரி இருக்கிறது. ஒருத்தி கத்தினால் பத்துப் பேர் சேர்ந்து திருப்பிக் கத்தலாம்.

இந்தச் சத்தத்தை யார் செய்தது என்பதிலும் "யாரு மவ" கதை மறுபடி வந்தது. தயாரிப்பாளர் டிப்லோதான் இந்த ஆல்பத்தின் மூளை என்கிற மாதிரி எழுதினார்கள். அவருக்கு இதில் முக்கியமான பங்கு இருப்பது 'பக்கி டன் கன்' என்ற பாட்டில். 2007இல் ஒரு பேட்டியில் மாயா இதை வெளிப்படையாகக் கண்டித்தார். ஒரு பெண் செய்ததற்குப் பின்னால் ஒரு ஆணைத் தேடுகிற வழக்கம் லண்டன், நியூயார்க் பத்திரிகைகளுக்கும் இருக்கிறது.

இனி குறை. ஆல்பத்தின் அட்டையிலும் மேடையிலும் புலி, டாங்கி, துப்பாக்கி எல்லாம் பளீர் நிறத்தில் அச்சுக் குத்தியிருக்கும். 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிட்ட வரியை நீக்கச் சொன்னது எம்.டி.வி., மாயா மறுத்தார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனாலும் போரைக் கோஷமாகச் சொல்லும் பாட்டுகளில் எனக்கு ஒரு தூரம் தெரிகிறது. அங்கே சாவு ஒரு டிசைன் ஆகிவிடுகிறது. புலிக்கும் ஈரோஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் பத்திரிகைகள் எழுதியதற்கு அவர்களுடைய சோம்பல் பாதிக் காரணம் என்றால், இந்தப் படங்களும் மீதிக்குப் பொறுப்பு. ஈழத்தைப் பற்றிய இந்த ஆல்பம் ஏறக்குறைய முழுக்க ஆங்கிலம் என்பதும் எனக்கு உறுத்தல்தான். ஆனால் பத்துப் பதினோரு வயதில் மொழி மாறிய பிள்ளையிடம் அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது.

கோஷம் இறங்கி ஒரு ஆள் வரும்போது ஆல்பம் உயிர் பெறுகிறது. '10 டாலர்' உடம்பை விற்றுப் பிழைக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. இதில் பரிதாபமும் இல்லை, பிரசங்கமும் இல்லை. அவள் விலை பேசுகிறாள், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போரும் வறுமையும் பெண்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எந்த டாங்கிப் படத்தையும்விட இந்தப் பாட்டு தெளிவாகச் சொல்கிறது. அப்பாவின் உலகத்தை மாயா கற்பனை செய்துதான் பாட வேண்டியிருக்கிறது. பெண்கள் பிழைக்கிற உலகம் அவர் கூடவே இருந்து பார்த்தது.

எங்க ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கடையம் செல்லம்மாவின் ஊர். 1918 முதல் 1920 வரை பாரதி இங்கே இருந்தார். அவர் போன பிறகு, மகள் சகுந்தலா எழுதிய புத்தகத்தின் பெயர் 'என் தந்தை'. செல்லம்மா வானொலியில் பேசிய உரையின் பெயர் 'என் கணவர்'. அந்த வீட்டை நடத்திய பெண்களுக்குப் பேச இடம் கிடைத்தபோதும் தலைப்பு அவருடையதாகவே இருந்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு பெண் உள்ளே வர அன்று திறந்திருந்த கதவு அதுதான்.

மாயாவும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார். அப்பா கண்ணில் படட்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மெர்க்குரி விருதின் இறுதிப் பட்டியல் வரை போன ஒரு ஆல்பம், அடியில் காணாமல் போன அப்பாவுக்குக் கொடுத்த விளம்பரம். அதனால்தான் அதன் பெருமிதத்துக்குள் ஒரு ஏக்கம் கேட்கிறது.

2007இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. அதற்கு 'கலா' என்று அம்மா பெயரை வைத்தார். இசையிலும் அதுதான் பெரியது என்பது என் கட்சி. ஆனால் 'அருளர்' இல்லாமல் 'கலா' வந்திருக்காது. அப்பா பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் அம்மா பெயரைச் சொல்லும் தைரியம் வருகிறது போல.

போன மாசம் தென்காசி பஸ்ஸில் ஒரு பாட்டி கேட்டாள், "யாரு மவ நீ?" அம்மா பெயரைச் சொன்னேன். பாட்டி கொஞ்சம் யோசித்தாள். "ஓ, பீடிக்காரி மவளா" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.