சுட்ட சுண்ணாம்பும் கப்பல்காரர் கணக்கும்

இலண்டனில் இயங்கும் சீபவுண்ட் என்ற நிறுவனம், கப்பற் புகையிலுள்ள காபனீரொட்சைட்டைக் கப்பலிலேயே பிடித்து வைக்கும் முறையொன்றை உருவாக்கியுள்ளது. 2023 இல் கொள்கலன் கப்பலொன்றில் அதைப் பரீட்சித்தும் பார்த்தார்கள். "இனிக் கப்பலாலை கேடில்லை" என்றார் நண்பரொருவர். அவ்வளவு இலகுவாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முறை எளிமையானது. சுட்ட சுண்ணாம்பு உருண்டைகளின் ஊடாகப் புகையைச் செலுத்துகிறார்கள். வாயுவை உள்வாங்கிய சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது, துறைமுகத்தில் இறக்கிவிடலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புச் சூளைகளைக் கண்டு வளர்ந்தோருக்கு இது புதினமல்ல. சூளையில் நடப்பதன் மறுதலையே இது.

கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது. கல்லைச் சுடும்போது வெளியேறிய அளவு வாயுவைத்தான் சுண்ணாம்பு திரும்பப் பிடிக்க முடியும். சூளை விறகின் புகை வேறு. சூளைப் புகையையும் பிடித்துப் புதைத்தாலன்றி, கடலில் மிச்சம் பிடித்ததைக் கரையில் செலவழித்ததாகவே முடியும். 2025 இல் நோர்வேயின் பிரேவிக் சீமெந்து ஆலையில் திறக்கப்பட்டது போன்ற ஏற்பாடுகள் பெருகினால் இக்கணக்கு மாறலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது பாரம். ஒரு தொன் கப்பல் எண்ணெய் எரிந்தால் 3 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியேறும். அதை முழுவதும் பிடிக்க ஏறத்தாழ 4 தொன் சுண்ணாம்பு வேண்டும். கரைசேரும்போது அது 7 தொன் கல்லாகியிருக்கும். இதை எந்த நாட்டுத் துறைமுகம் ஏற்கும்? யார் செலவில்?

இது வீண் ஐயமல்ல. 2021 இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்து மூழ்கியது. பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. மீனவர் தொழில் இழந்தனர். 2023 இல் இலண்டன் கடல்சார் நீதிமன்றம் உரிமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 19 மில்லியன் பவுணுக்குள் மட்டுப்படுத்தியது. 2025 இல் இலங்கை உயர் நீதிமன்றமோ 100 கோடி டொலர் செலுத்தும்படி உத்தரவிட்டது. ஒரே கப்பல், இரு கணக்குகள்!

தேம்ஸ் கரையிலுள்ள சர்வதேச கடல்சார் அமைப்பு, 2050 அளவில் கப்பற்துறையின் நிகர வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதென 2023 இல் இலக்கு வைத்தது. புகைக்கு விலை வைக்கும் திட்டத்தை 2025 ஒக்ரோபரில் அதன் உறுப்பு நாடுகளே 57க்கு 49 என்ற வாக்குகளால் ஓராண்டு ஒத்திவைத்தன. புகைக்கு விலையில்லையெனில், காசு செலவழித்து அதைப் பிடிக்க எந்த முதலாளி முன்வருவார்?

கருவியை நாம் நிராகரிக்கவில்லை. கருவியைக் காட்டிக் கணக்கை மறைப்பதையே நிராகரிக்கிறோம். மாற்றுக் கருத்துள்ளோர் எழுதட்டும்.