சிவப்பு மீனின் வாசம்

கடலில் சிவப்பு ஹெர்ரிங் என்று ஒரு மீன் கிடையாது. வெள்ளி நிற ஹெர்ரிங்கை உப்பில் ஊறவைத்து, நாள்கணக்கில் புகை போட்டால் செம்பழுப்பாகிவிடும். வாடை ஊரைத் தூக்கும். பேச்சைத் திசைதிருப்பும் தந்திரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘ரெட் ஹெர்ரிங்’. அதைப் பரப்பியவர் பத்திரிகையாளர் வில்லியம் காபெட். சிறுவயதில் இந்த மீனை இழுத்துப்போய், முயலைத் துரத்திய வேட்டைநாய்களை ஏமாற்றியதாக 1807இல் தன் வார இதழில் எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச்செய்தியை நம்பி, உள்நாட்டு விவகாரங்களைக் கோட்டைவிட்ட பத்திரிகைகளைக் குத்தத்தான் இந்தக் கதை. நிஜமாக நடந்ததா? ஜோடித்தது என்றே எனக்குப் படுகிறது. இருந்தாலென்ன, சக பத்திரிகைக்காரர்களை மோப்பம் தவறிய நாய்களாக்கிய அந்தக் குசும்புக்கே முழு மதிப்பெண் போடலாம்.