கோகோப் பூவும் இடுக்கி முனையும்

கடப்பாக்கத்துக் கடலோரத் தென்னைக்குக் காற்றும் தேனீயும் போதும், காய்த்துவிடும். கோகோ அப்படியில்லை. அரை அங்குலப் பூ, அடிமரத்திலேயே ஒட்டிப் பூக்கும். ஐந்து இதழ்களும் குல்லாய் மாதிரி கவிந்து மகரந்தப்பையை ஒளித்து வைத்திருக்கும். கொசுவைவிடச் சிறிய பூச்சி ஒன்று உள்ளே நுழைந்தால் உண்டு. இல்லாவிட்டால் ஓரிரு நாளில் பூ உதிரும். 100 பூவில் 5 காயானாலே பெரிது.

கர்நாடகத்து விட்டலிலும் திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையிலும் வீரிய ஒட்டு விதைக்காக அந்தப் பூச்சியின் வேலையை மனிதக் கை செய்கிறது. மறுநாள் விரியும் மொட்டை முந்தின பிற்பகலிலேயே கண்டுபிடித்து, வேறு மகரந்தம் அண்டாதபடி சின்னக் குழாயால் மூடுகிறார்கள். காலையில் தந்தை மரத்துப் பூவின் இதழை இடுக்கியால் விலக்கி மகரந்தத்தாளை எடுக்கிறார்கள். தாய்ப்பூவில் சூல்தண்டைச் சூழ்ந்த செந்நிறக் குச்சிகளில் ஒன்றிரண்டைக் கிள்ளிவிட்டு மெல்லத் தடவுகிறார்கள். எத்தனை நிதானம் வேண்டும் இதற்கு! தன் மகரந்தத்தையே ஏற்காத மரங்களைத் தாயாக வைத்துக்கொள்வதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த சாமர்த்தியம்; ஆண்பகுதியை அகற்றும் வேலை மிச்சம்.

காய் முற்ற ஐந்தாறு மாதம். உள்ளே 30, 40 விதை. காயவிட்டால் முளைக்காது, எடுத்த கையோடு நாற்றுப் பையில் ஊன்றிவிட வேண்டும்.