ஆடம்பர ஆடை விளம்பரமும் பண்பாட்டு மதிப்பும்

விளம்பரமும் ஓர் ஆக்கமே. தான் தோன்றிய சமூக உறவுகளை அதுவும் தன்னுள் தாங்கி நிற்கிறது. ஆகவே அதனைத் திறனாய்வுக்கு உட்படுத்துதல் பொருத்தமற்றதன்று. இத்தாலிய ஆடம்பர ஆடை நிறுவனமான டொல்சே அன்ட் கபானா 2018 நவம்பரில் சீன நுகர்வோரை நோக்கி வெளியிட்ட மூன்று குறும்படங்கள் இவ்வகையில் கருதத்தக்கன.

ஷாங்காய் நகரில் நடைபெறவிருந்த ஆடைக் காட்சிக்கு முன்னறிவிப்பாக அவை சமூக ஊடகங்களில் வெளியாயின. சிவப்பு உடையணிந்த சீனப் பெண்ணொருத்தி பீட்சா, ஸ்பகெற்றி, கனோலி ஆகியவற்றை உணவுக் குச்சிகளால் உண்ண முயன்று தடுமாறுகிறாள். ஆண் குரலொன்று அவளுக்கு உண்ணும் முறையைக் கற்பிக்கிறது. கனோலி பற்றிய படத்தில் இரட்டைப் பொருள்படவும் பேசுகிறது. சீனாவைப் போற்றுவதே தம் நோக்கம் என்றனர் நிறுவனத்தார். படங்களின் அமைப்போ அதனை மறுக்கிறது. கற்பிக்கும் உரிமை குரலுக்கு உரியது. பெண்ணுக்கு வாய்ப்பது நகைப்புக்கு இடமாகும் நிலையே. நெடுங்காலப் பயன்பாட்டிற் செம்மையுற்ற குச்சிகள் வேடிக்கைப் பொருளாகிவிடுகின்றன.

சீனாவில் இன்ஸ்டகிராம் 2014 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வெய்போ முதலியனவே அங்கு வழங்குகின்றன. எனினும் இத்தடை செய்திகளைப் பிரித்து வைக்கவில்லை. வெய்போவிலிருந்து நீக்கப்பட்ட படங்கள் இன்ஸ்டகிராமில் நீடித்தன. ஸ்தெபானோ கபானாவின் இன்ஸ்டகிராம் கணக்கிலிருந்து சென்றனவாகச் சீனரை இழித்துரைக்கும் செய்திகள் வெளிப்பட்டு, வெய்போவிற் பரவின. கணக்கு ஊடுருவப்பட்டதாக நிறுவனம் கூறியும் எதிர்ப்பு அடங்கவில்லை. நவம்பர் 21ஆம் திகதி நடைபெறவிருந்த காட்சி கைவிடப்பட்டது. சீன இணைய அங்காடிகள் அந்நிறுவனத்தின் பொருள்களை அகற்றின. 23ஆம் திகதி நிறுவனர் இருவரும் ஒளிப்படக் காட்சியொன்றில் தோன்றி, இத்தாலிய மொழியிற் பேசி, இறுதியிற் சீனச் சொல்லால் மன்னிப்புக் கோரினர்.

இம்மன்னிப்பைப் பண்பாட்டுக்குக் கிடைத்த வெற்றியாகக் கொள்ளலாமா? உலக ஆடம்பரப் பொருள் விற்பனையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அக்காலத்திற் சீன நுகர்வோரையே சார்ந்திருந்தது என்பதை மறத்தலாகாது. மாணவரும் பிறரும் எழுப்பிய குரலில் நேர்மையான சினம் இருந்தது. ஆனால் அச்சினத்துக்கு வலுவூட்டியது வாங்கும் ஆற்றலே. அவ்வாற்றல் இல்லாத மக்களின் வழக்காறுகளும் ஆடம்பர விளம்பரங்களில் அலங்காரமாகின்றன. அவர்களின் சினத்துக்காகக் காட்சிகள் கைவிடப்படுவது அரிது. சந்தையில் ஈட்டிய மரியாதை சந்தை நிலையோடு மாறக்கூடியது. ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்க்கை முறை, அவர்கள் எதையும் வாங்காதபோதும் மதிக்கப்படுகின்றதா என்பதே இவ்விளம்பரங்களை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாகும்.