எட்டு அங்குலம்

பியட் உசத்தியா, அம்பாஸடர் உசத்தியா என்று எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் ஒரு காலத்தில் நடந்த வாதத்துக்குக் கச்சேரி விமரிசனத்தின் சூடு உண்டு. இன்று இரண்டு வண்டியையும் செய்வாரில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்துவந்த அம்பாஸடர் 2014-ல் நின்றது. பம்பாய் குர்லாவில் உருவான பியட், 1974-ல் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டு, அதற்குப் பல வருஷம் முன்பே விடைபெற்றுவிட்டது. கட்சிக்காரர்கள் ஓய்ந்துவிட்டார்கள், இனி நியாயம் சொல்லலாம்.

முதலில் கணக்கு. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலீஷ் வண்டியின் வாரிசு அம்பாஸடர். 1959 முதல் அதற்கு 1489 சி.சி. எஞ்சின். பியட்டுக்கு 1089 தான். ஆனால் பியட்டின் எடை தொள்ளாயிரம் கிலோவுக்குள் அடங்கும். அம்பாஸடர் அதைவிடச் சுமார் இருநூறு கிலோ கனம். கூடுதல் பலத்தில் பெரும் பங்கு தன் உடம்பைச் சுமக்கவே செலவாகிவிடும். பெரிய பண்ணை, பெரிய செலவு.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிறவன் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். ஆற்றங்கரைச் சாலையோ ஆறு வளைகிற இடமெல்லாம் தானும் வளையும். அங்கே பியட் துரிதகாலம். நினைத்த மாத்திரத்தில் திரும்பும். அம்பாஸடர் விளம்பகாலம், அதைத் திருப்பத் தோள் வலு வேண்டும். வண்டி என்ற அளவில் பியட்தான் உயர்ந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அம்பாஸடர் சுமார் எட்டு அங்குலம் அகலம் கூட.

சித்தப்பா பியட் வைத்திருந்தார். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் ஏறிய பிறகு அத்தைக்கு இடமில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. அத்தையே சொன்னாள்: "நான் எங்கே வரது? மாட்டைப் பார்த்துக்க ஆள் வேண்டாமா? நீங்க போயிட்டு வாங்க." மாட்டைப் பார்க்க ஆள் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வாழ்ந்து கெட்டு, பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். அடுத்த கல்யாணத்துக்கும் மாட்டின் மேல்தான் பழி விழுந்தது.

பின்னால் அவர் அம்பாஸடர் வாங்கினார். அத்தை பின் ஸீட்டின் நடுவில், மடியில் வெற்றிலைப் பெட்டியோடு வந்தாள். மாட்டின் பேச்சே எழவில்லை.

வண்டி எங்களை நல்லவர்களாக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பியட்டில் யாரை விட்டுவிட்டுப் போவது என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. தயங்காமல் தீர்மானித்தோம். அம்பாஸடர் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டியரிங்கைப் பிடித்தவனைக் கேட்டால் பியட் என்பான். நானும் அதையே சொல்லியிருப்பேன், வாசலில் நின்று கையசைத்தவளின் முகம் பின்பக்கக் கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போனதைப் பார்த்திராவிட்டால்.