பொறியா, சான்றா?

நாடகம் பொழுதுபோக்கும் கேளிக்கையா, உறங்குவோரை உலுக்கும் கேள்வியா? கேள்வியே என்றார் ஜெர்மன் இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர். முதல் உலகப் போர்க்களம் அவருக்குப் புகட்டிய பாடம் அது!

1925இலேயே மேடைப்பேச்சுகளையும் செய்தித்தாள் பகுதிகளையும் நாடகமாக்கினார். 1927இல் பெர்லினில் தம் பெயரால் அரங்கம் கண்டார். மேடையிலே திரைப்படம் ஓடிற்று. மறு ஆண்டு 'ஷ்வெய்க்' நாடகத்தில் நடிகர் ஓடும் பட்டைமீது நடந்தார். விந்தைதான்! ஆனால் விலை தந்தவர் யார்? தொழிலதிபர் ஒருவர். உழைப்பாளியின் பெயரால் எழுந்த அரங்கம் செல்வரின் பணத்தில் நின்றது. 1928இல் கடனில் வீழ்ந்தது.

1931இல் சோவியத் நாடு சென்றவர், நாஜிகள் ஆட்சி ஏறியதால் தாயகம் திரும்ப இயலாது, அமெரிக்காவிலும் வாழ்ந்து, 1951இல்தான் மீண்டார். முதுமையிலன்றோ முழு வெற்றி! 1963இல் ஹோக்ஹூத்தின் 'பதிலாள்' நாடகத்தை மேற்கு பெர்லினில் அரங்கேற்றினார். யூதர் கொல்லப்பட்டபோது போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் உரத்துக் கண்டிக்காதது ஏன் என்று கேட்டது அது. 1965இல், ஆஷ்விட்ஸ் வழக்கின் சாட்சியங்களைக் கொண்டு பீட்டர் வைஸ் படைத்த 'விசாரணை'யை இயக்கினார். அங்கே முன்னின்றது பொறியன்று, சான்று!

1966இல் மறைந்த அவரைப் பொறிகளுக்காகவே புகழ்வோர் பாதியே அறிந்தவராவர். பட்டை நின்றால் வியப்பும் நின்றுவிடும். சாட்சியம் எழுப்பிய கேள்வியோ, விடை கிடைக்கும்வரை நாட்டை உறங்க விடாது, தோழர்களே!